கத்தரி துடைத்த கறுப்பு

எங்கள் தோட்டத்துக் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கிற மடிப்புத்தாளில், பட்டறைப் பெண்களின் துணி வேலைகளெல்லாம் ‘பனி மூடிய கேமரன் மலையின் அழகில் பிறந்தவை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் கழித்து, சர்க்கரை வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். பனியைப் பார்த்து எனக்குப் பிறந்தது சளி மட்டும்தான். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினியிடம் அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “அப்ப எங்க இருந்துதான் வந்துச்சு, நீங்களே எழுதிக் குடுங்களேன் அக்கா. இப்ப உள்ளதுங்க எல்லாம் காலைல வந்தா போனத்தான் தடவுதுங்க. ஆயிரம் டிசைன் பாக்குதுங்க, ஒண்ணும் தைக்க மாட்டேங்குதுங்க லா” என்றாள்.

சரி, எழுதுகிறேன். நான் தனலெட்சுமி. தனம் என்றால்தான் தோட்டத்தில் தெரியும். கைவினைப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஊசி பிடித்தவள். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் பொய்யைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பதும் பழக்கமில்லை.

பட்டறைக்கு வருவதற்கு முன் பதினொரு வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். வலது தோள் கெட்டுப்போனது. கையைக் காதுக்கு மேல் தூக்கினால் உயிர் போய்விடும். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கடைக்குப் பின்னால் ஒரு நீள அறையில் பட்டறை தொடங்கினார்கள். மெத்தை உறை, மேசை விரிப்பு, பைகள், சுவரில் மாட்டும் ஒட்டுத்துணி வேலை, எல்லாம் கையால் தைத்தது. அன்றைக்கு எனக்குப் பாவாடைக்கு ஓரம் அடிக்கத் தெரியும், சட்டைக்குப் பொத்தான் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஓட்டுத்தையலும் பின் தையலும் கைக்கு வந்துவிட்டன. ஊசி குத்தின கணக்கை விட்டுவிடுகிறேன்.

கற்றுக்கொடுத்தவர் புவனா டீச்சர். ஈப்போவில் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்துவிட்டு வந்தவர். மெலிந்த உருவம், தூக்கிச் செருகின கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. ஒரு தடவைகூட அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நாமும் இரண்டு வார்த்தை பேசலாம். அவர் பேச விடமாட்டார். தைத்த துணியைக் கொண்டுபோய் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். “திருப்பு” என்பார். பின்பக்கத்தில் முடிச்சு தெரிகிறதா, நூல் தாவியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் தையல் மேல் ஒரு கோடு இழுப்பார். எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே நகம் நிற்கும். உடனே சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, தானே தையலைப் பிரித்து, பிரித்த நூலைச் சுருட்டி நம் கையில் வைப்பார். நன்றாக இருந்தால் “பரவாயில்ல” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் ஆறு பேரும் போட்டி போட்டோம்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்கு ஊசியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொருத்தியும் நேற்றுத் தன் கண்ணில் பட்ட ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும். பச்சை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “எந்தப் பச்சை?” என்பார். தேயிலைப் பச்சை என்றாலும் விடமாட்டார். “வெயில்லயா, மழைலயா? இளசா, முத்தலா?” தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களிடமே இப்படிக் கேட்டால் எரிச்சல் வராதா? எனக்குப் பக்கத்தில் உட்காரும் சரோஜா ஒருநாள் வெடுக்கென்று, “கண்ணு தெரியாதவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லணும்போல டீச்சர்” என்றாள். “ஆமா, அப்படித்தான் சொல்லணும்” என்றார் டீச்சர்.

போகப் போக எங்களுக்கே அதில் ருசி பிடித்துவிட்டது. கவாத்து வெட்டின செடியில் மூன்றாம் மாதம் பிடிக்கிற பாசிப் பச்சை. கோலா தெர்லா பக்கம் கோஸ் ஏற்றிப் போகிற லாரியின் நனைந்த படுதா நீலம். கோயிலில் விளக்குக்குப் பின்னால் சுவரில் படிந்திருக்கிற எண்ணெய் மஞ்சள். இப்படிச் சொல்லும்போது டீச்சர் தலையாட்டுவார். ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுவார். நிறத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்த இடமும் இருக்க வேண்டும். நான் அப்படி ஏழு நோட்டு நிரப்பினேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷத்துக்கு முன், பிரிஞ்சாங் போகிற சாலையில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டினார்கள். வரவேற்பு அறையின் பெரிய சுவருக்குப் பன்னிரண்டு அடி அகலம், ஐந்தடி உயரத்தில் ஒரு துணி வேலை வேண்டும் என்று எங்கள் மேனேஜரிடம் வந்து கேட்டார்கள். மேனேஜர் தமிழர்தான், ஈப்போக்காரர், வயதில் எங்களுக்குச் சின்னவர். ஆனாலும் தோட்டத்துப் பழக்கத்தில் நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுவோம். அவர் பட்டறைக்கு வந்து கதவருகிலேயே நின்றார்.

“டீச்சர், மேல ஆபீஸ்ல இந்த ரூம கேக்குறாங்க. டீத்தூள் பேக்கிங்குக்கு எடம் பத்தல. நான் ரெண்டு மாசம் தவணை கேட்டிருக்கேன். இந்த ஹோட்டல் வேல நல்லா அமைஞ்சா நான் உங்களுக்காகப் பேசலாம். இல்லன்னா ரூம குடுத்துட வேண்டியதுதான்.”

“அப்ப நாங்க?” என்று கேட்டேன்.

“மலையில ஆளு பத்தலக்கா. வேலைக்கு ஒண்ணும் பஞ்சம் இல்ல.”

மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. என் தோளில்தான் பஞ்சம். மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டாவது மலைக்குப் போவார்கள். எனக்கு அந்த அறையும் அந்த நாற்காலியும் போனால் வேறு போக்கில்லை. ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் கிடந்தது.

முதலில் என்ன செய்தோம் தெரியுமா? எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். போனில் தேடினோம். மயில் எடுத்தோம். அழகான மயில், தோகையில் முப்பத்தாறு கண். மூன்று வாரம் ராப்பகலாக இல்லாவிட்டாலும், கண் எரிய எரியத் தைத்து ஒரு துண்டு முடித்தோம். ஹோட்டல்காரர் வந்தார். நடுத்தர வயதுச் சீனர், மரியாதையான மனிதர். துணியைப் பார்த்து, தையல் மிக நேர்த்தி என்று மலாயில் சொன்னார். அப்புறம் மெதுவாக, “இது அழகா இருக்கு. ஆனா இத நான் எங்க வேணும்னாலும் வாங்கலாமே” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து நான் ஒரு படம் வரைந்தேன். மலை, வரிசை வரிசையாகத் தேயிலை, மேலே சூரியன், கூடையோடு ஒரு பெண். டீச்சர் அதைத் திருப்பக்கூட இல்லை. “இது காலண்டர்” என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

ஐந்து வாரம்தான் மிச்சம். என்ன தைக்கப்போகிறோம் என்று தெரியாவிட்டாலும், அடித்துணியையாவது தயார் செய்து வைப்போம் என்று டீச்சர் சொன்னார். வெள்ளைப் பருத்தித் துணி பன்னிரண்டு மீட்டர் இருந்தது. அதற்குமேல் வாங்க அனுமதி இல்லை. அதை நாங்கள் தேயிலையிலேயே சாயம் ஏற்றுவோம். முறை இதுதான்: துணியை முந்தின நாளே கஞ்சி போக அலசி ஊறவைக்க வேண்டும். ஃபேக்டரியில் கழித்துப் போடுகிற தூளைச் சின்ன மூட்டையாகக் கட்டி, அலுமினியச் சட்டியில் முக்கால் மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். அப்புறம் துணியைப் போட்டு, குச்சியால் விடாமல் புரட்ட வேண்டும். நிழலில் காய வைத்தால் ரொட்டியின் ஓரத்து நிறம் வரும். சட்டி சின்னது, ஒரு தடவைக்கு ஒரு மீட்டர்தான் பிடிக்கும். ஆகவே பன்னிரண்டு தடவை போட வேண்டும்.

டீச்சர் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு இருக்க மாட்டார். பன்னிரண்டு தடவையா என்று நான் யோசித்தேன். ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் சும்மா கிடந்தது. எங்கள் பக்கம் அதைத் தோங் என்போம். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்குத் தோங் தெரியாமல் இருக்காது. இந்தக் குளிரில் அதில்தான் குளிக்கத் தண்ணீர் சுட வைப்போம், கல்யாணம் காட்சி என்றால் அதில்தான் வெந்நீர். அதை உருட்டிவந்து, அடியில் விறகு மூட்டி, தூளையும் தண்ணீரையும் கொட்டி, பன்னிரண்டு மீட்டரையும் ஒரே தடவையில் அமுக்கினேன். துணி முழுவதும் முங்கவில்லை, மூன்றில் ஒரு பங்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பரவாயில்லை, புரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன்.

குச்சியால் துணியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கிடந்த துணி கறுத்துப்போயிருந்தது. கரிக் கறுப்பு இல்லை, மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஒரு கறுப்பு, அதில் நீலம் ஓடியிருந்தது. நடுப்பகுதி சாம்பல். மேலே துருத்திக்கொண்டிருந்த பகுதி மட்டும் ரொட்டி நிறம். திட்டுத் திட்டாக, பார்க்கவே சகிக்கவில்லை. தேயிலையும் துருவும் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து தேயிலைக்கு நடுவில் இருந்தவள், அதன் புத்தி தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பட்டறையிலிருந்து மற்றவர்களும் ஓடிவந்தார்கள். சோப்பு போட்டோம், எலுமிச்சை தேய்த்தோம், பிரஷ் போட்டோம். கறுப்பு அசையவில்லை. சரோஜா கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

“யாரக் கேட்டுடி தோங்குல போட்டே? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? ஒன் தோளுக்காகத்தான் நாங்க எல்லாரும் கண்ண கெடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். இப்ப எல்லாரும் மலைக்குப் போவோம், வா!”

அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அப்புறம் துணிகளை எடுத்துப் பட்டறைக்குப் பின்னால் கம்பியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவை காய்ந்துவிட்டனவா என்று பார்க்கப் போனேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போகிற பாதை பட்டறைக்குப் பின்னால்தான் போகிறது. மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் மாரியாயி அக்கா. என்னோடு மலையில் பக்கத்து நிரையில் நின்றவர், என்னைவிட இரண்டு வயது மூப்பு, இன்னமும் கத்தரி பிடிக்கிறவர். நான் மலைக்குப் போன காலத்திலிருந்தே கையால் கிள்ளுவதில்லை, பெரிய கத்தரியால்தான் கொழுந்து வெட்டுகிறார்கள். மாரியாயி அக்கா கம்பியில் தொங்கின துணியைப் பார்த்து நின்றார்.

“என்னா தனம், ஏன் சாக்க எடுத்து இங்க காயப் போட்டிருக்க?” என்று சிரித்தார்.

“கிண்டல் பண்ணாத அக்கா, நானே செத்துப்போயி நிக்கிறேன்.”

“கிண்டல் இல்ல லா, பாரு!”

தன் இடுப்பைக் காட்டினார். மலைக்குப் போகும்போது உடுப்பு நனையாமலிருக்க, மாவுச் சாக்கைப் பிரித்து இடுப்பில் கட்டிக்கொள்வோம். இடுப்புச் சாக்கு என்போம். வெள்ளையாக இருந்த அந்தத் துணி, ஈரக் கொழுந்து பட்டுப் பட்டுப் பழுப்பாகியிருந்தது. அதில் வலது தொடைக்கு மேல், பிறை மாதிரி, அதே கறுப்பு. நீலம் ஓடின கறுப்பு. கொழுந்துப் பால் ஒட்டிக் கத்தரி கனத்துப்போனால், அதை இடுப்புச் சாக்கில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவோம். ஒருநாளைக்கு நூறு தடவை. பதினொரு வருஷம் நானும் துடைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, இந்தக் கறை போகவே மாட்டேன் என்கிறதே என்று துவைகல்லில் அடித்துத் திட்டியிருக்கிறேன்.

பின்னால் வந்தவர்களைப் பார்த்தேன். ஒருத்திக்கு அது இடுப்புக்குப் பக்கவாட்டில், நீளமாக. இடக்கை வாக்கு உள்ளவளுக்கு இடது பக்கம். நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பிக்கு முழங்காலுக்கு மேல், கத்தரியை இரண்டு பக்கமும் திருப்பித் துடைப்பதால் இரட்டைக் கோடு. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. நிறம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான்தான். நடுப்பாதையில் மாரியாயி அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை டீச்சர் வந்தார். கறுத்த துணியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“தோங்குல போட்டது யாரு?”

“நாந்தான் டீச்சர்.”

“கேட்டியா யாரையாவது?”

“இல்ல டீச்சர்.”

ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துணியில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையில் ஒட்டவில்லை. துணியைத் திருப்பினார். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, காலையில் கேட்பது போலவே கேட்டார்.

“எந்தக் கறுப்பு?”

“கத்தரிய இடுப்புச் சாக்குல தொடைக்கிற கறுப்பு டீச்சர்” என்றேன். மாரியாயி அக்காவிடம் கெஞ்சி வாங்கிவந்திருந்த பழைய இடுப்புச் சாக்கை மேசையில் விரித்தேன். டீச்சர் அதையும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். “அளந்து சொல்லு, என்ன வேணும் உனக்கு?” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அளவு நாடாவை வேறொருவர் கையில் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

என் கணக்கு இது. பன்னிரண்டுக்கு ஐந்து, அறுபது சதுரம், ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி, தையலுக்கு அரை அங்குலம் தனி. கொழுந்து வெட்டுகிறவர்கள் அன்றைக்கு முப்பத்தொரு பேர். தோங்கில் முங்காமல் ரொட்டி நிறமாக நின்ற பகுதியிலிருந்து ஆளுக்கு ஒரு பழுப்புச் சதுரம். மிச்சம் இருபத்தொன்பதும் தோங் கறுத்த துணி. மயில் கிடையாது, மலை கிடையாது, சூரியன் கிடையாது.

சாயங்காலம் சதுரங்களை நனைத்துக்கொண்டு நிறுக்கும் கொட்டகைக்குப் போனோம். மேசையில் துணியை விரித்து, கத்தரியைத் துடைக்கச் சொன்னோம். யாரும் முன்வரவில்லை. காலமெல்லாம் கறைக்காகத் திட்டு வாங்கினவர்கள், புதுத் துணியில் கறை பண்ணு என்றால் எப்படி வருவார்கள்? மாரியாயி அக்காவைத் தள்ளிவிட்டோம். அவர் கத்தரியை இரண்டு கையாலும் பிடித்து, விபூதி பூசுகிற பயபக்தியோடு ஒரு நேர்கோடு போட்டார். அதில் உயிரே இல்லை.

“கோயில்லயா நிக்கிற? எப்பவும் தொடைக்கிற மாதிரி தொடைச்சு விடு அக்கா!” என்றேன்.

“எப்பவும் நான் மேசைலயாடி தொடைக்கிறேன்?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. துணியை அவர் இடுப்புச் சாக்கிலேயே, ஏற்கெனவே கறுத்திருந்த இடத்தில், நாலு ஊக்கு போட்டுக் குத்தினேன். “இப்ப மலைக்குப் போ. வேலையப் பாரு. துணிய மறந்துரு” என்றேன். மறுநாள் அவர் இறங்கி வந்தபோது, அந்தச் சதுரத்தில் பிறை விழுந்திருந்தது. நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மெலிந்து, கத்தரி நுனி விலகுகிற இடத்தில் ஒரு சின்ன வாலோடு. எந்தத் தூரிகையாலும் அப்படிப் போட முடியாது. ஒரு வாரத்தில் முப்பத்தொன்றும் வந்துவிட்டன. நேபாளத் தம்பி தன்னுடையது மங்கலாக இருக்கிறது என்று இரண்டு நாள் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனான்.

டீச்சர் ஒரே ஒரு விதி போட்டார். கறைக்குள் யாரும் ஊசி இறக்கக் கூடாது, அது அவர்கள் போட்டது. கறையின் ஓரத்தை ஒட்டி, அது போகிற போக்கிலேயே ஓட்டுத்தையல் மட்டும் போட வேண்டும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு அரிசி இடைவெளி. நூலையும் தேயிலையிலேயே தோய்த்தோம், இந்தத் தடவை அலுமினியச் சட்டியில். டீச்சரும் எங்களோடு உட்கார்ந்து தைத்தார். சரோஜா என்னிடம் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் என் சதுரத்தை எட்டிப் பார்த்து, “வளைவுல இழுத்துப் பிடிக்கிற, சுருங்குது பாரு” என்றாள். அதுதான் அவள் மன்னிப்பு. மூன்றரை வாரத்தில் அறுபது சதுரத்தையும் இணைத்து முடித்தோம்.

ஹோட்டல்காரரும் மேனேஜரும் சேர்ந்தே வந்தார்கள். துணியை இரண்டு மேசை சேர்த்து விரித்திருந்தோம். ஹோட்டல்காரர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடந்தார். திரும்பவும் நடந்தார். இது என்ன, சீன மையால் வரைந்ததா என்று கேட்டார். டீச்சர் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். எனக்குத் தெரிந்த பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், சொன்னேன். யாரும் வரையவில்லை, இது தேயிலையும் இரும்பும், முப்பத்தொரு பேர் வேலை செய்தபோது விழுந்தது என்று சொன்னேன். இது மாரியாயி, இது இடக்கைக்காரி, இது நேபாளத் தம்பி என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இதை வேறு எங்கும் வாங்க முடியாது” என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. “அப்ப திறப்பு விழாவுக்கு அந்த முப்பத்தொரு பேரையும் கூப்பிடணும். அவங்க வராம இத மாட்டாதீங்க” என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். ஹோட்டல்காரர் சிரித்துவிட்டு, வேன் அனுப்புவதாகச் சொன்னார்.

சொன்னபடி மூன்று வேன் வந்தது. கொழுந்து வெட்டுகிற பெண்கள் பட்டுப்புடவையும் பூவுமாக ஏறினார்கள். ஹோட்டலின் பளபளத் தரையில் முதலில் காலை வைக்கவே யோசித்தார்கள். சுவரைப் பார்த்ததும் யோசனை போய்விட்டது. “எங்க என்னது? எங்க என்னது?” என்று ஒரே கூச்சல். ஒருவர்கூடத் தன்னுடையதைத் தவறவிடவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் படித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் மாரியாயி அக்காவிடம் வந்து, யார் செய்தது என்று கைஜாடையில் கேட்டார். அக்கா இரண்டாம் வரிசையில் நாலாம் சதுரத்தைக் காட்டி, நெஞ்சில் தட்டிக்கொண்டு, “இனி சாயா புன்யா!” என்றார். இது என்னுடையது என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதைக் கேட்டு நானும் டீச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம்.

பேச்சுகள் முடிந்ததும் ஹோட்டல்காரர், அறைகளுக்கும் இதேபோலச் சின்னதாக, அறைக்கு ஒன்று வேண்டும் என்றார். நாற்பது அறை. விரலை மடித்துப் பார்த்தேன், கடைக்கு வழக்கமாகத் தைப்பதையும் விடாமல் செய்தால் அது எங்கள் ஆறு பேருக்கும் இரண்டு வருஷ வேலை. மேனேஜர் பலகாரத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தனம் அக்கா, பேக்கிங்குக்கு வேற ரூம் பாத்துக்கிறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்” என்றார். “நாளைக்குப் பட்டறைய எத்தன மணிக்குத் தெறப்பீங்க?”

“எப்பவும் போல எட்டு மணிக்குத்தான் துரை.”

மறுநாள் ஏழு மணிக்கே ஆறு பேரும் வந்து கதவு முன்னால் நின்றோம்.